உடம்பின் கடைமடைக்கு எட்டாத சர்க்கரை

தை மாதம் சம்பா அறுவடை முடிந்து வைக்கோலையும் போரில் ஏற்றி விட்டால், வேதாரண்யம் வட்டாரத்தின் நெல் விவசாயிக்கு அடுத்த உழவு வரையில் கையில் பெரிய வேலை இருப்பதில்லை. வயலில் உளுந்தும் பயறும் பனி ஈரத்தில் தாமாக வளர்கின்றன. இந்த ஓய்வு நாட்களில் ஊருக்குள் மருத்துவ முகாம் வந்தால் கூட்டம் சேருகிறது. விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள்.

"அண்ணே, வெறும் வயித்துல 114 இருக்கு. இன்னும் வியாதின்னு சொல்ல முடியாது. ஆனா வரப்பு மேல நிக்கிறீங்க" என்கிறார் செவிலியர்.

"வியாதி இல்லேல்ல, அது போதும் தங்கச்சி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து விடுகிறார் மூன்று மா நிலத்துக்காரர். இப்படி எழுந்து போகிறவர் இல்லாத முகாமே கிடையாது. இவருக்கு உடம்பில் வலி இல்லை, சோர்வு இல்லை. அடிக்கடி சிறுநீர் போவதும் இல்லை. ஆகவே தமக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த 114 என்ற எண் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் உடம்புக்குள் ஒரு தகராறு நடந்து கொண்டிருக்கிறது. அதற்கு டாக்டர்கள் வைத்துள்ள பெயர் இன்சுலின் எதிர்ப்பு. சர்க்கரை வியாதியின் வேர் பெரும்பாலோரிடம் இங்கேதான் இருக்கிறது. பயிர் மஞ்சள் பூத்த பிறகு உரக்கடைக்கு ஓடுவதை விட, வேரைப் பார்ப்பது நல்லது அல்லவா?

மதகு திறக்கும் ஆள்

நாம் உண்ணும் சோறு வயிற்றிலும் குடலிலும் செரித்துச் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. இதைக் குளுக்கோஸ் என்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை ஓடுவது, ஆற்றில் தண்ணீர் ஓடுவது போன்றது. ஆற்றில் ஓடும் தண்ணீரால் பயிர் விளையாது. அது வயலுக்குள் பாய வேண்டும். உடம்பில் தசைதான் மிகப் பெரிய வயல். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு கை, கால், தொடை, முதுகுத் தசைகளுக்குள்தான் போய்ச் சேர வேண்டும். ஒரு பங்கைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது.

ஆனால் தசையின் மதகு சோறு உண்டவுடன் தானாகத் திறப்பதில்லை. வயிற்றுக்குப் பின்புறம் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இன்சுலின் என்னும் சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. பொதுப்பணித் துறை லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்குவது போல, இன்சுலின் வந்து தசையின் மதகைத் திறக்கிறது. சர்க்கரை உள்ளே பாய்கிறது.

இப்போது ஷட்டர் துருப்பிடித்து விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லஸ்கர் தூக்கிய ஷட்டரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. பிறகு நான்கு பேர். கணையம் சளைக்காமல் ஆள் அனுப்பிக் கொண்டே இருக்கிறது. தண்ணீரும் எப்படியோ பாய்ந்து விடுகிறது. இந்தக் காலத்தில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் சரியாகவே இருக்கும். இரு மடங்கு, மும்மடங்கு இன்சுலின் செலவழித்துத்தான் அந்தச் சரியான எண் வந்தது என்பது சோதனைச் சீட்டில் தெரியாது. இது பத்தாண்டு கூட நீடிக்கலாம். கடைசியில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் களைத்துப் போகின்றன. ஆள் குறைகிறது, ஷட்டரோ இறுகியே கிடக்கிறது. ஆறு நிரம்பி வழிய, கடைமடை காய்கிறது. ரத்தத்தில் 200, 300 என்று சர்க்கரை ஓடும்போது மனிதன் இளைத்துத் துரும்பாகிச் சோர்ந்து போவது இதனால்தான்.

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லையே, காலையில் வெறும் வயிற்றில் எப்படிச் சர்க்கரை ஏறியது?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. நாம் தூங்கும்போது மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சர்க்கரை தேவைப்படுவதால், கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சிறிது சிறிதாக விட்டுக்கொண்டிருக்கும். போதும் என்று அதை அடக்கி வைப்பதும் இன்சுலின்தான். கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போனால், தேவைக்கு மேல் விடிய விடியச் சர்க்கரையை இறைத்துக் கொண்டிருக்கும். காலையில் 114 வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்த விவரமெல்லாம் ஒரே நாளில் தெரிய வந்ததல்ல. கனடா நாட்டில் டொரோண்டோ நகரில் 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது, சர்க்கரை வியாதி என்றால் இன்சுலின் இல்லாத வியாதி என்றுதான் உலகம் எண்ணியது. லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர் 1936இல், ஊசி போட்டும் இன்சுலினுக்கு இணங்காத நோயாளிகள் ஒரு பிரிவாக இருப்பதை எடுத்துக் காட்டினார். ரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் ஓடுகிறது என்று அளக்கும் முறையை அமெரிக்காவில் ரோசலின் யாலோவும் பெர்சனும் கண்டுபிடித்த பிறகு, நடுவயதில் வரும் சர்க்கரை வியாதிக்காரர் பலருக்கு இன்சுலின் குறையவே இல்லை என்பது வெளிச்சமாயிற்று. அந்த அளவை முறைக்காக யாலோ அம்மையாருக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

பத்தாயம் நிறைந்தால்

ஷட்டர் ஏன் துருப்பிடிக்கிறது? காரணங்கள் பல. முதற்காரணம், கொழுப்பு இருக்கக் கூடாத இடத்தில் போய்ச் சேர்வது. வீட்டில் பத்தாயம் இருக்கும் வரை நெல் ஒழுங்காக இருக்கும். பத்தாயம் நிறைந்த பிறகும் களத்திலிருந்து நெல் வந்துகொண்டே இருந்தால் திண்ணையிலும் நடையிலும் கொட்ட வேண்டியதுதான், நடமாட வழியிருக்காது. உடம்புக்குத் தோலின் அடியில் உள்ள கொழுப்புத்தான் பத்தாயம். அங்கே இடம் தீர்ந்ததும், மிஞ்சியது கல்லீரலிலும் தசை நார்களுக்குள்ளும் குடலைச் சுற்றியும் படிகிறது. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் படிந்த கொழுப்புத்தான் இன்சுலின் சொல்லும் சேதியை உள்ளே போக விடாமல் மறிக்கிறது.

அப்படியானால் குண்டானவருக்குத்தானே இந்தத் தொல்லை, வெயிலில் உழைத்து ஒல்லியாக இருப்பவருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நம் நாட்டவர் விஷயத்தில் இந்தக் கணக்கு தவறி விடுகிறது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு இருவரும் ஒல்லி. நம்முடைய பத்தாயம் சிறியது, சீக்கிரம் நிறைந்து விடுகிறது என்று கொள்ளலாம்.

இந்த வித்தியாசம் பிறக்கும்போதே இருக்கிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் பூனாவைச் சுற்றிய கிராமங்களில் 1993 முதல் நடத்திய ஆய்வில் கண்டனர். அங்கே விவசாயக் குடும்பங்களில் பிறந்த குழந்தையின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. நம் குழந்தையிடம் தசை மிகவும் குறைவு. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குச் சரியான ஊட்டம் இல்லையென்றால், பிள்ளையின் உடம்பு பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறக்கிறது. பின்னாளில் வயிறு நிறையக் கிடைக்கும்போது அதைத் தாங்கத் தெரியாமல் திணறுகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45இல், நெதர்லாந்தில் கொடிய பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த குழந்தைகள் ஐம்பது வயதானபோது சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது தெரிய வந்தது. ஆகவே இன்றைய தகப்பனின் சர்க்கரையில் அவருடைய தாய் பட்டினி கிடந்த நாட்களுக்கும் பங்கு உண்டு. நடவு முடித்துக் கரையேறி, எல்லோருக்கும் போட்டு விட்டு மீந்ததைத் தின்ற தாய்மார்கள் இந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று வயதானவர்களைக் கேட்டால் தெரியும்.

நகரத்து வியாதி என்பது பழைய பேச்சு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்தனர். 2023இல் வெளியான முடிவின்படி நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர் 10.1 கோடி. வரப்பின் மேல் நிற்பவர், அதாவது வியாதியின் முந்திய நிலையில் இருப்பவர், 13.6 கோடி. வியாதி நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9 சதவீதம் என்ற வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஆனால் முந்திய நிலையில் நகரத்தார் 15.4 சதவீதம், கிராமத்தார் 15.2 சதவீதம். இரண்டும் ஒன்றுதான். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருந்த கரை அடியிலேயே அரித்துப் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆற்றுநீர் நின்று போன ஒரு குடிமக்கள் கதை

கடைமடை விவசாயி கட்டாயம் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஹீலா என்ற ஆற்றங்கரையில் பீமா என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். பாலைவனத்தின் நடுவே வாய்க்கால் வெட்டிச் சோளம், அவரை, பூசணி பயிரிட்டுப் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த நல்ல விவசாயிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலே குடியேறிய வெள்ளையர் ஆற்றை மறித்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டனர். பீமா மக்களின் வாய்க்கால் வறண்டது. நிலம் தரிசானது. பஞ்சம் வந்தது. பிற்காலத்தில் அரசாங்கம் மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் மானியமாகக் கொடுத்தது. உழைப்பு போனது, பழைய உணவும் போனது.

அதன் பின் அந்த இனத்தில் சர்க்கரை வியாதி உலகத்தில் வேறெங்கும் காணாத அளவுக்கு ஏறியது. முப்பத்தைந்து வயது தாண்டியவரில் சுமார் பாதிப் பேருக்கு வியாதி. இவர்களைப் பல்லாண்டு காலம் விடாமல் கவனித்து வந்த டாக்டர்கள்தாம், வியாதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்பு இன்சுலினுக்கு இணங்க மறுக்கிறது என்பதை உறுதி செய்தனர்.

இரத்தம் அப்படி, ஜாதி உடம்பு அப்படி என்று சொல்லி முடித்து விடலாம்தான். ஆனால் அதே பீமா இனத்தின் இன்னொரு கிளை மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியில் இருக்கிறது. அவர்கள் இன்னும் தாங்களே உழுது, சோளமும் அவரையும் உருளைக்கிழங்கும் விளைவித்து உண்டு வந்தார்கள். இரண்டு கிளையையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் உள்ள பீமா மக்களில் 38 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி. மெக்சிகோ பீமா மக்களில் 6.9 சதவீதம். இரத்தம் ஒன்று, வாழ்க்கை இரண்டு. ஆற்றுநீர் விவகாரம் தீர அமெரிக்க நாட்டில் 2004இல்தான் சட்டம் வந்தது.

காவிரிக் கடைமடையில் தண்ணீர் முற்றிலும் நின்று விடவில்லை. ஆனால் உழைப்பின் அளவும் உணவின் தன்மையும் இங்கேயும் மாறித்தான் போயின. ஏர் பிடித்தவன் டிராக்டரை வாடகைக்கு அமர்த்துகிறான். அறுவடைக்குச் சங்கிலிச் சக்கர இயந்திரம் வருகிறது. இரண்டு மூன்று வாரம் குனிந்து அறுத்துக் கட்டித் தூக்கி அடித்த வேலை ஒரு பகலில் முடிகிறது. களத்துக்கு நடந்தவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். இயந்திரம் வந்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. முதுகு ஒடிய உழைத்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் உழைப்பு கழிந்த அளவுக்குச் சோறு கழியவில்லை. தட்டு மட்டும் பழைய நாற்று நடவுக் காலத்துத் தட்டாகவே இருக்கிறது.

தசையின் உழைப்புக்கும் இன்சுலினுக்கும் உள்ள தொடர்பை இங்கே சொல்ல வேண்டும். வேலை செய்யும் தசை, இன்சுலின் வந்து திறக்கும் வரை காத்திருப்பதில்லை. தன் மதகைத் தானே திறந்துகொள்கிறது. வேலை முடிந்த பின்பும் ஒருநாள், இரண்டு நாள் வரை ஷட்டர் இலகுவாக இருக்கும். அதற்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி இறுகிவிடும். வேதாரண்யத்தின் நெல் நிலம் பெரும்பாலும் ஒருபோகச் சம்பா நிலம். புரட்டாசி முதல் தை வரை உழைத்த உழைப்பு, பங்குனி சித்திரையில் உடம்பைக் காக்காது. உழைப்புக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது.

சோறும் மில்லும்

அரிசி நமக்கு எதிரி என்று பேசுவது சரியல்ல. நெல் விளைவிக்கிறவனிடம் அதைச் சொல்லவும் கூடாது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தீட்டுவது. உரலில் குத்திய காலத்தில் தவிட்டில் பாதியாவது அரிசியோடு ஒட்டி வரும். இன்றைய மில் அரிசி வெள்ளை வெளேரென்று பாலிஷ் ஆகி வருகிறது. தவிட்டோடு நார்ச்சத்தும் தாதுச்சத்தும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. சென்னையில் நகரவாசிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தீட்டிய தானியத்தை மிக அதிகமாக உண்பவரிடம் இன்சுலின் எதிர்ப்பும் அதிகம் என்று கண்டார்கள். சொந்த நெல்லை அவித்து மில்லுக்குக் கொண்டு போகிறவர் ஒரே தீட்டோடு நிறுத்தச் சொல்லலாம். புழுங்கல் அரிசி, பச்சரிசியை விடச் சற்று மெதுவாகச் செரிக்கும் என்பதும் நமக்குச் சாதகமான விஷயம். பாரம்பரிய ரகங்களைத் தேடி வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: மாப்பிள்ளைச் சம்பாவானாலும் குழியடிச்சானானாலும் பளபளவென்று தீட்டி விட்டால் பலன் பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும்.

இரண்டாவது, அளவு. இதுதான் பெரியது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. மூன்று வேளையும் சோறு, நடுவில் நான்கு டம்ளர் சர்க்கரை போட்ட டீ, சாயங்காலம் பஜ்ஜி என்றால் அத்தனையும் ஒரே மடைக்குத்தான் வர வேண்டும். மேலே சொன்ன நாடு தழுவிய ஆய்வினர் 2025இல் வெளியிட்ட உணவுக் கணக்கில், நம் நாட்டவர் பெறும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று ஆளை மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறைய வேண்டும். கேழ்வரகுக் கூழை இரண்டு சொம்பு குடித்துவிட்டு, சோற்றை விட்டுவிட்டேன் என்று நிம்மதி அடைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, சோற்றோடு என்ன சேருகிறது என்பது. இங்கேதான் வேதாரண்யத்தார் கொடுத்து வைத்தவர்கள். சம்பா தாளடியில் விதைக்கும் ஆடுதுறை 3 உளுந்தில் நூற்றுக்கு 24 பங்கு வரை புரதச்சத்து. மணற்பாங்கான கொல்லையில் நிலக்கடலை, வேலியோரம் முருங்கை, ஆறுகாட்டுத்துறைக் கரையில் மத்தியும் நெத்திலியும். இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உளுந்தை மூட்டையோடு வியாபாரிக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவது லாபமா என்று அவரவர் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பயறும் கீரையும் காயும் மீனும் வைத்தால் வயிறு காலியாக இருக்காது. சர்க்கரையும் ஒரேயடியாக ஏறாமல் மெல்ல ஏறும்.

மற்ற காரணங்கள்

தூக்கக் குறைவு இன்சுலினை மந்தமாக்குகிறது. விடியுமுன் முல்லைக் கொல்லைக்குப் பூப்பறிக்கப் போகும் பெண்கள், இரவு பத்து பதினோரு மணி வரை தொலைக்காட்சி முன் இருந்தால் கணக்கு எங்கே இடிக்கும் என்பது தெரிந்ததே. பீடி, சிகரெட்டும் அப்படியே. புகையிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது கசப்பாக இருக்கலாம். சாராயம் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கிறது.

மூட்டு வலிக்கு, பெயர் தெரியாத பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. இரண்டே நாளில் வலி பறந்து போகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதில் முதன்மையானது. நடவுக் காலம் முழுவதும் அதைத் தின்றுவிட்டு மாசியில் சர்க்கரை வியாதியோடு ஆஸ்பத்திரிக்கு வருவதில் யாருக்கும் லாபம் இல்லை.

பூச்சிமருந்து விஷயத்திலும் ஒரு சங்கதி உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் ஏழு கிராமங்களில் 3,080 பேரைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். பூச்சிமருந்தோடு பழகும் விவசாயக் குடும்பத்தாரிடம் சர்க்கரை வியாதி 18.3 சதவீதம், மற்றவரிடம் 6.2 சதவீதம். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் குடலில் உள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து, அதிலிருந்து வரும் பொருள் சர்க்கரையை ஏற்றுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். மனிதரிடமும் இப்படியே நடக்கிறதா என்பதற்கு இன்னும் ஆராய்ச்சி வேண்டும். ஆனால் மூக்கில் துணி கட்டாமல், வெறுங்கையால் மருந்தைக் கலக்கி, அதே கையால் வெற்றிலை போடும் வழக்கத்தை விட்டுவிட அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

சர்க்கரை வியாதி ஒன்றே இதன் விளைவு என்று எண்ணக்கூடாது. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது. கெட்ட கொழுப்பு கூடி, நல்ல கொழுப்பு குறைகிறது. ரத்தக் குழாய் தடித்து நாற்பது, ஐம்பது வயதிலேயே மாரடைப்பு வரலாம். கல்லீரல் கொழுப்பு ஏறி வீங்குகிறது. குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்கும் நிலை இதனால் வருகிறது. இவை எல்லாம் ஒரே கொடியில் காய்த்த காய்கள் என்பதை அமெரிக்க டாக்டர் ரீவன் 1988இல் தெளிவாக்கினார்.

பெண்களுக்கு மாதவிடாய் தவறுவதும், சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றுவதும், பிள்ளைப் பேறு தாமதமாவதும் பல சமயம் இதனோடு தொடர்புடையவை. மருமகளைக் குறை சொல்லும் முன், அவளை டாக்டரிடம் அழைத்துப் போவது முறை. கருவுற்ற காலத்தில் எல்லாப் பெண்களுக்குமே இன்சுலின் எதிர்ப்பு ஓரளவு ஏறும். அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அது 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். குமட்டுகிறது என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவது, பிறக்கப் போகும் பிள்ளைக்கும் செய்யும் கெடுதல்.

என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

இன்சுலின் எதிர்ப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனை தேவையில்லை. தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இழுக்காமல் சுற்றளவு பார்க்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் சந்தேகம் கொள்ள வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் போலக் கறுத்திருப்பது மற்றோர் அடையாளம். இது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. பிள்ளைகளின் கழுத்தில் இதைக் கண்டால் சோப்பை மாற்றாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

முப்பது வயது தாண்டியவர் ஆண்டுக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தம் பார்க்கலாம். 100க்குள் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை வரப்பு. 126ம் அதற்கு மேலும் இருமுறை வந்தால் வியாதி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை.

வரப்பில் நிற்பவர் வயலுக்குள் விழுந்தே தீர வேண்டும் என்பதில்லை. இதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுக் காலம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். எதுவும் புதிதாகச் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு வியாதி வந்துவிட்டது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரமாவது நடக்கச் சொன்னவர்களில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்கள் எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலேயே ஷட்டர் இலகுவானது. ஆகவே பத்து நாள் நடந்து, தராசில் ஏறிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று விட்டுவிடக்கூடாது.

விவசாயிக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழும். வேலை இருக்கும் மாதங்களில் தேவையில்லை. வேலை இல்லாத மாதங்களில், ஒருநாள் விட்டு ஒருநாளாவது வேர்க்க வேர்க்க ஏதாவது செய்ய வேண்டும். வாய்க்கால் தூர் வாரலாம், தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கலாம், எரு சுமக்கலாம். கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்த தோப்புகளில் மறுநடவு செய்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது. சாப்பிட்டவுடன் கட்டிலில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் பலன் தரும். அந்த நேரத்தில்தான் சர்க்கரை ஆற்றில் பெருகி வருகிறது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது பெரும்பாலும் மெட்பார்மின் ஆக இருக்கும். கல்லீரல் சர்க்கரையை இறைப்பதை அது அடக்குகிறது. ஐரோப்பாவில் தீவனமாகவும் விளைந்த ஒரு பயறுவகைச் செடியின் சத்தை வழியாகக் கொண்டு உருவான மருந்து இது. பாரிஸ் நகரில் 1957 முதல் சர்க்கரைக்குப் பயன்பட்டு வருகிறது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போகும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களின் புண் நாட்டு வைத்தியருக்கும் டாக்டருக்கும் நடுவில் அலைந்து அழுகியதுண்டு. பச்சிலை சாப்பிட விரும்புகிறவர் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம், நிறுத்திவிட்டுச் சாப்பிடக்கூடாது.

வியாதி வந்தே விட்டவர்களுக்குக் காலைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நரம்பைக் கெடுத்து உள்ளங்காலில் உணர்ச்சி குறையும். சேற்றில் வெறுங்காலோடு நிற்கும்போது சீமைக்கருவேல முள்ளோ நத்தை ஓடோ ஏறினால் வலி தெரியாது. ஆகையால் வயலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் அடிப்பாதத்தை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தானே பார்க்க வேண்டுமானால் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டலாம். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு எது தெரிந்தாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல் மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.